தண்டவாள மணியும் ஆறு குழாய்களும்

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில், நகரச் சந்தடி குறைந்து வயல்கள் தொடங்கும் இடத்தில் இருக்கிறது நான் பணியாற்றும் அரசு உயர்நிலைப்பள்ளி. மின்மணி வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் மின்தடை நாள்களில் வேப்பமரக் கிளையில் தொங்கும் தண்டவாளத் துண்டுதான் எங்களைக் காப்பாற்றும். அதை அடிக்கும் பொறுப்பு ஆண்டுதோறும் எட்டாம் வகுப்பில் ஒருவருக்குப் போகும். சென்ற ஆண்டு அந்தப் பொறுப்பில் இருந்தவன் வகுப்பில் அதிகம் வாய் திறக்காதவன். அவன் பெயர் இங்கே வேண்டாம். வகுப்பில் எல்லாரும் அழைத்தபடி மணிக்காரன் என்றே சொல்கிறேன்.

அந்த இரும்பின் குணம் அவனுக்கு நன்றாகத் தெரியும். கீழ் முனையில் அடித்தால் கணீரென்று ஊருக்கே கேட்கும். சற்று மேலே ஓரிடத்தில் அடித்தால் 'டொக்' என்று அடங்கிவிடும் என்பான். காலை வணக்கக் கூட்டத்துக்கு ஓரிடத்திலும் மாலை வீடு திரும்ப வேறோரிடத்திலும் அடிப்பான். இரண்டு ஓசைக்கும் வேறுபாடு உண்டு என்பதை நான் வெகுநாள் கவனிக்கவே இல்லை.

ஒலி பற்றிய பாடம் நடத்திய நாளில் பலகையில் இரண்டு ஆணி அடித்து, கிடார் கம்பி ஒன்றை இழுத்துக் கட்டி எடுத்துச் சென்றேன். கம்பியின் நடுவில் ஒரு பென்சிலை நுழைத்துப் பாதிக் கம்பியை மீட்டினால் அதிர்வெண் இரண்டு மடங்காகிறது. அதாவது கீழ் 'ச' மேல் 'ச' ஆகிறது. பிள்ளைகள் கேட்டார்கள், ஒப்புக்கொண்டார்கள். அங்கே நிறுத்தியிருக்கலாம். வேகத்தில் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லிவிட்டேன்: "கம்பி, குழாய், இரும்புச் சட்டம், எதுவானாலும் இதே விதிதான். நீளம் பாதியானால் அதிர்வெண் இரண்டு மடங்கு."

மணிக்காரன் எழுந்தான். "அப்படி வராது டீச்சர். எங்கப்பா பட்டறையில பைப்பைப் பாதியா வெட்டித் தட்டுனா சத்தம் ரொம்ப மேல போயிரும். ரெண்டு மடங்குல நிக்காது."

"பட்டறைச் சத்தத்தை விடு. உட்கார், பாடத்தைக் கவனி" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்தான்.

அடுத்த வாரம் வைத்த சிறு தேர்வில் ஒரு கோடிட்ட இடம்: 'உலோகக் குழாயின் நீளம் பாதியானால் அதைத் தட்டும்போது எழும் ஒலியின் அதிர்வெண் ____ மடங்காகும்.' முப்பத்திரண்டு பேரில் முப்பத்தொரு பேர் '2' என்று எழுதி ஒரு மதிப்பெண் பெற்றார்கள். மணிக்காரன் 'ரெண்டுக்கு மேல' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் சுழித்துச் சுழியம் போட்டேன்.

நான் பட்டம் பெற்றது வேதியியலில். அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் என்றால் தாவரமும் தவளையும் மின்சாரமும் ஒலியும் ஒருவர் தலையில்தான் என்பதை இதைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் இதை ஒரு சாக்காக வைக்க முடியவில்லை. தட்டிப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

தவறு வெளிப்பட்டது ஆண்டு விழாவுக்கான ஏற்பாட்டில். பெரிய பள்ளிகளின் பேண்டு வாத்தியக் குழுவில் ஒரு பிள்ளை செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு சிறு சுத்தியால் தட்டிவரும் கருவியைப் பார்த்திருப்பீர்கள். யாழ் வடிவச் சட்டகத்தில் எஃகுப் பட்டைகள் வரிசையாக இருக்கும்; பெல் லைரா என்பார்கள். அதையே மேசைமேல் கிடத்தி வாசித்தால் குளோக்கன்ஸ்பீல். பட்டைகள் அலுமினியமாகவும், ஒவ்வொன்றின் கீழும் ஒத்ததிர்வுக் குழாயும், குழாயின் வாயில் சுழலும் தட்டும் இருந்தால் வைப்ரஃபோன். விலை கொடுத்து வாங்க எங்களால் ஆகாது. அரையங்குல ஜி.ஐ. பைப்பில் செய்துவிடலாம் என்று தோன்றியது.

மோகனத்தின் சுரங்கள் போதும் என்று முடிவு செய்தோம்: ச, ரி, க, ப, த, மேல் ச. ஆறு குழாய்கள். எங்கள் தமிழாசிரியை கொஞ்சம் பாடுவார். சுர விகிதங்களை அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். 'ச' ஒன்று என்றால் ரி 9/8, க 5/4, ப 3/2, த 5/3, மேல் ச 2. கம்பி விதிப்படி நீளங்களை இவற்றுக்கு எதிர்விகிதத்தில் கணக்கிட்டேன்: 48, 42.7, 38.4, 32, 28.8, 24 சென்டிமீட்டர். தாளில் எழுதி மணிக்காரனின் அப்பாவிடம் கொடுத்தனுப்பினேன். மறுநாளே வெட்டி, முனைகளை அரத்தால் தேய்த்து அனுப்பிவிட்டார். காசு வாங்கவில்லை.

கயிற்றில் அடுக்கி வரிசையாகத் தட்டினேன். தமிழாசிரியையின் முகம் கோணியது. "டீச்சர், இது மோகனம் இல்லை. என்ன ராகம் என்றே தெரியவில்லை. ரி இருக்க வேண்டிய இடத்தில் க மாதிரிக் கேட்கிறது. க இருக்க வேண்டிய குழாய் ப-வையும் தாண்டுகிறது. இந்தப் பைப் மேல் ஸ்தாயிக்கே போய்விட்டது" என்று ப-வுக்காக வெட்டிய குழாயைத் தொட்டுக் காட்டினார்.

மணிக்காரன் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். எதுவும் சொல்லவில்லை. அவன் சொல்லாதது எனக்கு நன்றாகக் கேட்டது.

கைப்பேசியில் ஃபைபாக்ஸ் என்ற இலவசச் செயலி உண்டு. ஜெர்மனியில் ஆகன் நகரப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. அதில் ஒலி நிறமாலை என்ற பகுதியைத் திறந்து குழாயைத் தட்டினால், எந்த அதிர்வெண் ஓங்கி நிற்கிறது என்று வரைபடம் காட்டும். 48 செ.மீ. குழாய் 514 ஹெர்ட்ஸ் காட்டியது. 24 செ.மீ. குழாய் 1028 காட்ட வேண்டும். காட்டியது ஏறத்தாழ 2000. இரண்டு மடங்கு இல்லை, கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

அன்று இரவு கல்லூரிக் காலத்து இயற்பியல் துணைப்பாட நூலைப் பரணிலிருந்து இறக்கினேன். விளக்கம் கடினமானதல்ல. இழுத்துக் கட்டிய கம்பி, விலகிய இடத்திலிருந்து திரும்பி வருவது அதன் இழுவிசையால். குழாயையோ பட்டையையோ யாரும் இழுத்துக் கட்டவில்லை. அது வளைந்து, தன் விறைப்பால் தானே நிமிர்கிறது. நீளமான மூங்கில் கழியை எளிதாக வளைக்கலாம். அதையே ஒரு முழமாக நறுக்கினால் வளைக்க முடியாது. நீளம் குறையும்போது பொருளும் குறைகிறது, அதைவிட வேகமாக விறைப்பு கூடுகிறது. இரண்டும் சேர்ந்து, வளைந்து அதிரும் தண்டின் அதிர்வெண்ணை நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் வைக்கின்றன. பாதி நீளம், நான்கு மடங்கு. மூன்றில் ஒரு பங்கு நீளம், ஒன்பது மடங்கு.

நான் குழம்பிய இடமும் பிறகு புரிந்தது. குழாய் என்றதும் என் மனத்தில் வந்தது புல்லாங்குழல். அங்கே அதிர்வது உள்ளே இருக்கும் காற்று. காற்றுத்தம்பம் பாதியானால் அதிர்வெண் இரண்டு மடங்குதான். ஆக ஒரே குழாய் இரண்டு விதிக்கு உட்படுகிறது: அதன் காற்று அதிர்ந்தால் ஒன்று, அதன் உலோகம் அதிர்ந்தால் வேறொன்று. இதை வகுப்பில் காட்ட ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாய் இரண்டு துண்டு போதும், ஒன்று மற்றதில் பாதி நீளம். வாயை உள்ளங்கையால் பொத்தென்று தட்டினால் காற்றின் சுரம் கேட்கும்; சிறியது பெரியதைவிட ஒரு ஸ்தாயி மேலே. பிறகு இரும்புக் குழாய்களைத் தட்டட்டும், இரண்டு ஸ்தாயி. இந்த ஒப்பீட்டை நான் எந்தப் பாடவேளையிலும் விடுவதில்லை இப்போது.

'கிட்டத்தட்ட நான்கு' என்றேன். செயலி காட்டியது 3.9. அந்தக் குறைச்சலுக்கும் காரணம் உண்டு. நீளத்தோடு ஒப்பிடும்போது மெலிந்த தண்டுக்குத்தான் வர்க்க விதி துல்லியமாகப் பொருந்தும். குழாய் குட்டையாகக் குட்டையாக அதன் பருமன் கணக்கில் நுழைந்து சுருதியைச் சற்றுக் கீழே இழுக்கிறது. எட்டாம் வகுப்பில் இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் பிள்ளைகள் 3.9 என்று எழுதினால் அதை 4 என்று திருத்தி எழுதச் சொல்லக் கூடாது.

மறுநாள் வகுப்பில் பழைய விடைத்தாள்களை மேசையில் வைத்துவிட்டு ஆறு குழாய்களையும் தட்டிக் காட்டினேன். செயலியின் எண்களைக் கரும்பலகையில் ஒரு பிள்ளை எழுதினாள். "நான் சொன்னது தவறு. இவன் எழுதியதுதான் சரி" என்றேன். அவன் தாளில் சுழியத்தை அடித்து 1 போட்டேன். மற்ற முப்பத்தொரு பேருக்கும் என்ன செய்வது என்ற கேள்வியை அவர்களே எழுப்பினார்கள். "நீங்க சொன்னதைத்தானே டீச்சர் எழுதுனோம்" என்றாள் முன்வரிசைப் பெண். நியாயம்தான். அந்த வினாவையே நீக்கிவிட்டு மற்ற மதிப்பெண்களை அப்படியே வைத்தேன். மணிக்காரனுக்கு மட்டும் அந்த ஒன்று கூடுதல். யாரும் மறுக்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான்; காது மட்டும் சிவந்திருந்தது.

இப்போது சரியான நீளம் வேண்டும். அதிர்வெண் இரண்டு மடங்காக நீளம் எவ்வளவு? இங்கேதான் கணக்கு ஆசிரியரை அழைத்துவந்தேன். எட்டாம் வகுப்பில் வர்க்கமூலம் படிக்கிறார்கள். எதற்கு என்று கேட்டால் தேர்வுக்கு என்பார்கள். இங்கே அதற்கு ஒரு வேலை கிடைத்தது. 48-ஐச் சுர விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். மேல் ச-வுக்கு 48-ஐ 1.414 ஆல் வகுத்தால் 33.9. இப்படியே ரி 45.3, க 42.9, ப 39.2, த 37.2. கூட்டிப் பார்த்தால் இரண்டரை மீட்டருக்குள் அடங்கிவிடும். வெட்டுச் சேதாரம் சேர்த்து ஒன்பது அடிக் குழாய் போதும். எல்லாத் துண்டுகளும் ஒரே குழாயிலிருந்து வர வேண்டும். கடையில் அரையங்குலம் என்று சொல்வதிலும் சுவர்த்தடிப்பு மெல்லியது, நடுத்தரம், கனமானது என்று மூன்று தரம் உண்டு. கலந்துவிட்டால் கணக்கு நிற்காது.

வெட்டுவது பட்டறையின் வேலை. பிள்ளைகள் கையில் ரம்பத்தையோ வெட்டும் இயந்திரத்தையோ கொடுக்க வேண்டாம். அவர்கள் வேலை அரத்தோடு தொடங்குகிறது. கணக்கிட்டதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டி வாங்கி, முனையைத் தேய்த்துத் தேய்த்துச் சுருதியை மேலே ஏற்ற வேண்டும். தேய்த்ததை மீண்டும் ஒட்ட முடியாது என்பதை அவர்கள் வேகமாகவே கற்றுக்கொள்கிறார்கள். தேய்க்கும்போது குழாய் சூடேறும். சூடான குழாய் சற்றுத் தாழ்ந்து ஒலிக்கும். ஆறிய பிறகே அளக்க வேண்டும். இதையும் மணிக்காரன்தான் முதலில் சொன்னான். இந்த முறை நான் உடனே நோட்டில் குறித்துக்கொண்டேன்.

குழாயை எங்கே தாங்கிப் பிடிப்பது என்பது அடுத்த கேள்வி. கையில் இறுகப் பிடித்துத் தட்டினால் ஓசை செத்துவிடும். வளைந்து அதிரும் தண்டில் அசையாத இடங்கள் இரண்டு உண்டு; கணுக்கள். அவை முனையிலிருந்து நீளத்தில் நூற்றுக்கு இருபத்திரண்டரைப் பங்குத் தொலைவில் இருக்கின்றன. 48 செ.மீ. குழாயில் 10.8 செ.மீ., 34 செ.மீ. குழாயில் 7.6 செ.மீ. தட்டையான இரும்புப் பட்டை கிடைத்தால் இரண்டு கயிறுகளின் மேல் கிடத்தி, உப்புத் தூவி, நடுவில் தட்டச் சொல்லுங்கள். உப்பு குதித்துக் குதித்து இரண்டு கோடுகளாகச் சேரும். கணு அங்கேதான். உருண்டைக் குழாயில் உப்பு நிற்காது.

உருண்டைக் குழாயில் கணுவைக் கண்டுபிடித்துத் தந்தவள் வகுப்பில் காதொலிக் கருவி அணியும் மாணவி. ஒலிப் பாடம் வந்தாலே அவள் ஒதுங்கி உட்காருவாள். நானும் அவளிடம் கேள்வி கேட்பதைத் தவிர்த்துவந்தேன், அது கருணை என்று நினைத்து. அன்று ஒருத்தி தட்டத் தட்ட, இவள் இரு விரல் நுனியால் குழாயை மெல்லத் தொட்டபடி நகர்த்திக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நிறுத்தி, "இங்க ஆடல" என்றாள். அளந்தோம். முனையிலிருந்து பதினொரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆறு குழாய்களுக்கும் அவளே சுண்ணக்கட்டியால் குறி போட்டாள். காதால் கேட்டவர்களைவிட வேகமாகவே போட்டாள். தண்டவாளத்தில் 'டொக்' என்று அடங்கும் இடம் எதுவென்று அப்போது வகுப்புக்கே புரிந்தது. கணுவில் அடித்தால் அந்த அதிர்வு எழும்பாது.

தட்டுவதற்குத் துடைப்பக் குச்சியில் செருகிய ரப்பர்ப் பந்து நன்றாக இருந்தது. மரக்குமிழ் வைத்தால் ஓசை கூர்மையாகவும் சற்றுக் கரகரப்பாகவும் கேட்டது. கம்பியின் மேற்சுரங்கள் அடிப்படையின் 2, 3, 4 மடங்குகளில் வரிசையாக வரும். தண்டின் மேற்சுரங்களோ 2.76, 5.40 என்று ஒழுங்கற்ற மடங்குகளில் வருகின்றன. 514 காட்டிய குழாயின் நிறமாலையில் 1400-ஐ ஒட்டி இன்னொரு முகடு தெரிவது அதனால்தான். உலோக ஓசைக்கே உரிய அந்த மினுமினுப்பு இந்தப் பொருந்தாமையிலிருந்து வருகிறது. மென்மையான தலை மேற்சுரங்களை அடக்கும், கடினமான தலை கிளப்பிவிடும்.

தமிழ் மரபில் இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று வகுத்திருக்கிறார்கள். கஞ்சம் என்பது வெண்கலம். ஆனால் நம் கஞ்சக்கருவிகளை எண்ணிப் பாருங்கள்: தாளம், ஜால்ரா, சேகண்டி, சேமக்கலம், மணி. பெரும்பாலும் ஒரு கருவிக்கு ஓர் ஓசை. காலத்தைக் காட்டவே நாம் உலோகத்தைத் தட்டினோம்; சுரத்தை நரம்பிடமும் துளையிடமும் விட்டுவிட்டோம். தட்டிச் சுரம் எழுப்பும் நம் கருவி ஜலதரங்கம். அது பீங்கான் கிண்ணத்தில் நீர். நீர் ஊற்ற ஊற்றச் சுருதி இறங்கும் என்பதையும் பிள்ளைகளை முன்கூட்டியே ஊகிக்கச் சொல்லலாம். பெரும்பாலோர் ஏறும் என்பார்கள்.

உலோகத்தைச் சுரவரிசையாக்கிப் பெரும் இசை மரபாகவே வளர்த்தவர்கள் ஜாவா, பாலித் தீவினர். அவர்களுடைய கமெலான் குழுவில் சரோன் என்பது மரத்தொட்டியின் மேல் கிடத்திய வெண்கலப் பட்டைகள். கெண்டேர் என்பது கயிற்றில் தொங்கவிட்டு, கீழே குழாய்கள் பொருத்திய மெல்லிய பட்டைகள். கயிறு போகும் இடம் அந்த மாணவி சுண்ணக்கட்டியால் குறித்த அதே இடம்தான். ஸ்லெண்ட்ரோ என்ற அவர்களுடைய ஐந்து சுர அமைப்பைக் கேட்டால் நமக்கு மோகனத்தின் சாயல் தட்டும், ஆனால் இடைவெளிகள் வேறு. 2021-இல் யுனெஸ்கோ கமெலானை மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது.

வகுப்பறைக்குள் இந்த வகைக் கருவிகளைக் கொண்டுவந்ததில் ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃபுக்குப் பெரும் பங்கு உண்டு. 1924-இல் மியூனிக்கில் டோரோதே குந்தர் என்பவரோடு சேர்ந்து ஒரு பள்ளி தொடங்கினார். கார்ல் மேன்ட்லர் என்ற கருவி செய்பவர் அவருக்காக மரப்பட்டை, உலோகப்பட்டைக் கருவிகளைச் செய்துகொடுத்தார். பட்டைகளைக் கழற்றி மாட்டலாம் என்பதுதான் அவற்றின் சூட்சுமம். மேற்கத்திய ஏழு சுரங்களில் ம, நி இரண்டையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் குழந்தைகளைத் தொடங்கச் சொல்வார்கள். மிஞ்சும் ஐந்தும் என்ன? நம் மோகனம். அதில் எந்தப் பட்டையைத் தட்டினாலும் அடுத்ததோடு உரசாது. தப்பு வாசித்துவிட்டோம் என்ற பயமே குழந்தைக்கு வராது. இந்தச் செய்தியைப் பிறகுதான் படித்தேன். நாங்கள் மோகனத்தைத் தேர்ந்தது குழாய்ச் செலவு குறையும் என்பதற்காக.

ஆறு குழாய்களும் சரியாக ஒலிக்கத் தொடங்கிய பின், ஒரு சனிக்கிழமை மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனோம். வடக்கு ஆடி வீதியில் மொட்டைக் கோபுரத்தின் அருகே ஐந்து இசைத்தூண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரே கல்லில் செதுக்கிய 22 சிறு தூண்கள். அரியநாத முதலியார் 1569-இல் கட்டிய, 985 தூண்கள் கொண்ட ஆயிரங்கால் மண்டபத்தையும் பார்த்தோம். கல்லைத் தட்டக் கூடாது என்று கிளம்பும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். தலைமுறை தலைமுறையாகத் தட்டுப்பட்ட கற்கள் அவை. இனிமேலும் எங்கள் அடியைத் தாங்க வேண்டாம். கண்ணால் மட்டும் பார்த்து எழுதிக்கொள்வதுதான் பணி.

"நீளம் எல்லாம் ஒண்ணாத்தான் டீச்சர் இருக்கு. அப்ப சுதி எப்படி மாறும்?" என்று கேட்டாள் முன்வரிசைப் பெண். நல்ல கேள்வி. சிற்பிக்கு மேலேயும் கீழேயும் கல் முடிந்துவிடுகிறது. நீளத்தை அவர் மாற்ற முடியாது. மிஞ்சுவது பருமனும் குறுக்குவெட்டின் வடிவமும். வளைந்து அதிரும் தண்டில், வளையும் திசையில் தடிப்பு கூடினால் அதிர்வெண் கூடும். பட்டையாக இருந்தால் அகலம் கூடுவதால் எந்த மாற்றமும் வராது. (அகலமான பட்டை தாழ்ந்து ஒலிக்கும் என்று எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஊகித்திருந்தார்கள், நானும்தான்.) பிள்ளைகள் சிறு தூண்களை எண்ணி, எது உருண்டை, எது பட்டை முகம் கொண்டது, எது மெலிந்தது என்று படம் வரைந்தார்கள்.

கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் அறிவியலாளர்கள் ஹம்பி விட்டலர் கோயிலின் இசைத்தூண்களை ஆராய்ந்து, அவற்றின் ஓசை தூண்கள் வளைந்து அதிர்வதால் எழுவதே என்று காட்டியிருக்கிறார்கள். தூண் உள்ளே குடைந்தது என்ற கதை நம் ஊரிலும் உலவுகிறது. ஓசைக்கு உள்ளே குடைவு தேவையே இல்லை. இதில் என்னை வியக்கவைத்தது வேறொன்று. இரு முனையும் கல்லில் இறுகிய தூண், இரு முனையும் விடுபட்டுக் கயிற்றில் கிடக்கும் குழாய் – முற்றிலும் எதிரான இரண்டு நிலைகள். ஆனால் கணக்குப் போட்டால் ஒரே நீளமும் தடிப்பும் பொருளும் உள்ள இரண்டுக்கும் அடிப்படை அதிர்வெண் ஒன்றே வருகிறது. முனைகள் மட்டும் வேறு: குழாயில் அதிகம் ஆடும் முனை, தூணில் அசைவதே இல்லை.

கருவி செய்ய வழியில்லாத பள்ளிகளுக்கு இன்னும் எளிய ஒரு சோதனை உண்டு. 30 செ.மீ. எஃகு அளவுகோலை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, 24 செ.மீ. வெளியே நீட்டி விட்டுவிடுங்கள். வினாடிக்குப் பத்துப் பதினைந்து முறை ஆடும். கைப்பேசியில் மெதுவோட்டக் காணொலி எடுத்தால் எண்ணிவிடலாம். பிறகு 12 செ.மீ. மட்டும் நீட்டி எண்ணுங்கள். இங்கும் நான்கு மடங்குதான் வரும். எண்ணுவதற்கு முன் ஊகத்தை எழுதி வாங்கிவிடுவது நல்லது. எழுதாமல் விட்டால், விடை தெரிந்ததும் எல்லாரும் முன்பே சரியாக நினைத்ததாகச் சொல்வார்கள்.

ஆண்டு விழாவில் ஆறு குழாய்களையும் இருவர் வாசித்தார்கள், தமிழாசிரியை பாடினார். முதலில் வெட்டிய தவறான ஆறையும் தூக்கிப் போடவில்லை. இந்த ஆண்டு எட்டாம் வகுப்புக்கு ஒலிப் பாடத்தின் முதல் நாளில் அவற்றைத்தான் கையில் கொடுத்து, நான் போட்ட பழைய கணக்கையும் பக்கத்தில் எழுதிப் போட்டேன். எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க இரண்டு பாடவேளை ஆனது.

மணிக்காரன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. மணியடிக்கும் பொறுப்பு வேறொருத்திக்குப் போய்விட்டது. இருந்தாலும் மதிய இடைவேளையில் அறிவியல் அறைப் பக்கம் வந்துபோகிறான். த குழாய் இன்னும் ஒரு நூல் தாழ்ந்து ஒலிப்பதாகச் சொல்லி, அரத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறான்.